நான் ஏறாத பாலம்

மார்ச் 3, செவ்வாய்

தூறல். நீலக் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்க மறந்துபோனேன். எழும்பி வர, மாமி வைத்துவிட்டு உள்ளே வருகிறார். மேலில் கௌசியின் மழைக்கோட்டு, தொப்பி தலையை மூடி. ஒரு நொடி அவளே. பிறகு மாமிதான்.

என் மனைவி கௌ. போய் மாதம் ஆகவில்லை. வேலையிடத்தில் தலையிடி என்று கதிரையில் சாய்ந்து இருந்தவள். தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்ததாம். மாமி, அவளுடைய அம்மா, ஹவுன்ஸ்லோவில் மகன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு ஹரோவுக்கு வந்து என்னோடு நிற்கிறார். முப்பத்தோராம் நாள் முடியும்வரை நிற்பாராம். "உங்களை ஆர் பாக்கிறது?" இப்போது ஒன்றும் சொல்லாமலே நாட்கள் போகின்றன.

இன்று சொன்னேன்.

பின்னேரம் லீலா அன்ரி, விம்பிள்டனிலிருந்து. கௌ.க்குச் சித்தி முறை. ஒரு பை தோடம்பழம், பிஸ்கற். பால் எடுக்கப் போனவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பார்த்துவிட்டார். ஒரு ஆறு, மேலே சிவப்புப் பாலம். போன ஒக்டோபர் ஜப்பானில் கௌ. வாங்கியது. அன்றிலிருந்து கவுன்சிலின் குப்பை அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"உதென்ன பாலம்?"

"நிக்கோ எண்ட இடம். அங்கத்தைச் சனத்துக்கு அது சாமிப் பாலம்," மாமி.

"பேஸ்புக்கில பாத்தனான். படம் எல்லாத்திலயும் பிள்ளை தனியத்தானே நிண்டவள். இவர் எங்க போனவர்?"

"இவரும் போனவர்தானே. என்ன தம்பி?"

மாமி என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நின்றார்.

"ஓம்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. நான் சொன்னவை:

– கையைப் பிடித்துக்கொண்டு போனோம்.
– மழை. கைபிடி ஈரம், கௌ. ஒருக்கா வழுக்கினாள்.
– தூண்கள் கல்லாம், அவற்றின் ஊடாக மரச்சட்டம் போகிறதாம். (காந்தத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னது.)
– அங்கால இறங்கி, படியேறிக் கோயிலுக்குப் போனோம்.

அன்ரி கண்ணைத் துடைத்தார். "நல்ல சோடி." மாமி தேத்தண்ணியை வைத்துவிட்டு மேலே போனார்.

நான் நிக்கோவுக்குப் போகவேயில்லை. அன்று முழுக்க டோக்கியோவில் ஹோட்டல் அறை. லண்டனுக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. "நீ போட்டு வாவன்" என்றேன். தனியப் போய் வந்தாள். இரவு கட்டிலில் காலை மடித்து வைத்துக்கொண்டு பாலத்தைப் பற்றி நிறையக் கதைத்தாள். எனக்குக் காதில் ஹெட்போன். ஒரு பக்கம் மட்டும் கழற்றினேன்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட இல்லை என்னிடம். காந்தம்தான் இருக்கிறது.


மார்ச் 4, புதன்

வெயில், கடும் குளிர். வாங்க: பால், சவர்க்காரம், பற்றரி. (வாங்கவில்லை.)

தென்லண்டனில் வேலை. செங்கல் வளைவுப் பாலம். மேலே ரயில், கீழே வளைவுக்குள் கார் திருத்துகிற கடை. தூக்கி மேடையில் நானும் பிரேமும், சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்கிறோம். பிரேம் மலேசியாவில் ஈப்போக்காரன். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன்.

பெரிய பரிசோதனை என்றால் பாலத்தின் ஒவ்வொரு பகுதியையும் கை எட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்க்க முடியாததற்கு நேரே "பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை சொல்லித் தருவது இதைத்தான்.

மூலையொன்றில் கடைக்காரன் கூரை முட்ட டயர் அடுக்கி வைத்திருக்கிறான்.

"அந்த மூலைக்கு என்னா போடட்டும்?" பிரேம்.

"பார்க்கேல்ல எண்டு போடு."

"எல்லாம் ஒரே கல்லுதான் லா. நல்லா இருக்குன்னு போட்டா எவன் வந்து டயர நகட்டிப் பாக்கப் போறான்?"

"போடாதை."

"சரி பாஸ். ஒன்ன மாதிரி இன்னொரு ஆளு இருந்தா இந்த ஊருல ஒரு பாலமும் விழாது. நமக்கும் வேல இருக்காது."

சிரித்தேன். சத்தமாக. கீழே கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். கௌ. போனபின் முதல் சிரிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டேன், ஏதோ தின்று பிடிபட்டவன் போல.

ஒன்ன மாதிரி ஆளு.

மதியம் வேலை வான் வண்டிக்குள் இருந்து ஃபோனில் அந்தப் பாலத்தைத் தேடினேன். ஷின்க்யோ, கடவுள் பாலம். கதை: ஒரு துறவி ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நின்று வேண்டினாராம். இரண்டு பாம்புகள் வந்து கரைக்குக் கரை பாலமாகக் கிடந்தனவாம். முதுகில் கோரைப்புல் முளைத்ததாம், கால் வழுக்காமல் இருக்க. வெகுகாலம் பெரிய ஆட்களுக்கு மட்டும்தான் அதில் நடக்க அனுமதி. மற்றச் சனம் பக்கத்தில் இன்னொரு பாலத்தால் போய் வந்தது. ஒருமுறை வெள்ளம் கொண்டுபோக, திரும்பக் கட்டினார்களாம்.

வழுக்காமல் இருக்கப் புல். நான் அவளை வழுக்க வைத்துவிட்டேன்.

இரண்டு சான்ட்விச் தின்றேன். பசி வருவதே வெட்கமாக இருக்கிறது.


மார்ச் 6, வெள்ளி

மழை. மெட்ரோபொலிடன் லைன் சுணக்கம். வீடு வர ஃபோன், நடேசு அண்ணை.

நடேசு அண்ணை ஹீத்ரோவில் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வெடுத்தவர். மேற்கு லண்டனில் பாதி வீட்டுக்குக் கல்வெட்டு எழுதுகிறவர் அவர்தான். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கொடுக்கிற நினைவுப் புத்தகம். படம், வாழ்க்கை வரலாறு, பிறகு புலம்பல்கள். தாய் புலம்பல், கணவர் புலம்பல், சகோதரர் புலம்பல். எல்லாம் அண்ணையே எழுதுவார். ஆனால் நாங்கள் எங்கள் வாயால் பாடுகிற மாதிரி.

"தம்பி, உங்கட புலம்பல் முடிஞ்சுது. லீலா ஒரு நல்ல விசயம் சொன்னவ. அதைத்தான் கடைசிக் கண்ணியா வைச்சிருக்கிறன். ஸ்பீக்கரில போடுங்கோ, அக்காவும் கேக்கட்டும்."

போட்டேன். மாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். அண்ணை தொண்டையைச் செருமி இழுத்துப் பாடினார்.

"செம்பாலம் மீதினிலே சேர்ந்துகரம் பற்றியன்று
நம்பாதம் பட்டகதை நான்மறப்ப தெந்நாளோ."

மாமியின் கை தண்ணீருக்குள் நின்றது. பிறகு திரும்பக் களைந்தது.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு அண்ணை."

"செவ்வாய் அச்சுக்குப் போகுது. ஏதும் மாத்தோணும் எண்டால் திங்களுக்குள்ள சொல்லிப்போடுங்கோ. பேந்து ஏலாது."

"இல்லை, நல்லாயிருக்கு."

இரண்டு முறை சொல்லிவிட்டேன். என் வாயால், என் பெயரின் கீழ், அவளுடைய புத்தகத்தில். வீடு வீடாகப் போய் அலுமாரிகளில் இருக்கப்போகிறது. பார்க்காத மூலைக்கு நல்லாயிருக்கு போட்டவன்.

மாமி இரவுச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. மூடி வைத்திருந்தார்.


மார்ச் 7, சனி

மேக மப்பு. பக்கத்து வீட்டுப் பெடியனும் பெட்டையும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போக அழுகை. "அம்மா, இட்ஸ் சோ போரிங்." தாய்: "ஏறு காரில. ஏறெண்டால் ஏறு." அரை மணி நேரம் சன்னலில் நின்று பார்த்தேன். வேறு வேலை இல்லை.

பிறகு கௌ.யின் படங்கள், அவள் போட்டவை. நிக்கோ. வானம் நீலம். மேப்பிள் மரம் சிவப்பு. தரையில் அவளுடைய நிழல் கூர்மையாக. மழை பெய்த அடையாளமே இல்லை. லீலா அன்ரி இதே படங்களைப் பார்த்துவிட்டுத்தான் என்னை நம்பினார்.

பாலத்துக்குப் போய் வந்தவர்கள் எழுதியதையும் வாசித்தேன். பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கத்தால் ஏற வேண்டும். மறுமுனை வரை நடக்கலாம். அங்கே அடைப்பு. இறங்க முடியாது. வந்த வழியால் திரும்ப வேண்டும்.

மூன்று முறை வாசித்தேன்.

அங்கால இறங்கி, படியேறிக் கோயிலுக்குப் போனோம்.

மழையையாவது யோசித்துத்தான் சொன்னேன். இதை யோசிக்கவேயில்லை. பாலம் என்றால் அங்கால போவதற்கு. படித்தது அது, சம்பளம் தருவது அது. போய்ப் பார்த்த எவனும் விடாத பிழை.

மாமிக்குத் தெரிந்திருக்குமோ? அன்று தேத்தண்ணியை வைத்துவிட்டு மேலே போனார். குடிக்கவில்லை.

தேத்தண்ணி. இரண்டு சீனி போட்டுத் தருகிறார் இப்போதும். நான் சீனி விட்டு நாலு வருடம். சொல்லவில்லை.


மார்ச் 8, ஞாயிறு

காற்று. மாமியும் நானும் விம்பிள்டன் போனோம், முப்பத்தோராம் நாளுக்கு எடுத்த மண்டபத்தைப் பார்க்க. எட்ஜ்வெயார் ரோட்டில் மாறி டிஸ்ட்ரிக்ட் லைன். எதிரே ஒரு சின்னப் பிள்ளை கிறிஸ்ப்ஸ் தின்றுகொண்டு, பாதி நிலத்தில்.

பட்னி பிரிட்ஜ் நிலையம் தாண்ட ரயில் தேம்ஸின் மேலே ஏறியது. மாமி என் கோட்டுக் கையைப் பிடித்தார். இரும்புச் சத்தம். கீழே பழுப்புத் தண்ணீர்.

"எனக்கு இந்த இடம் வந்தால் கால் கூசும்," என்றார்.

"மாமி, நான் நிக்கோவுக்குப் போகேல்ல."

"தெரியும்."

கையை எடுக்கவில்லை. ஈஸ்ட் பட்னி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடியபின்தான் பேசினார்.

"என்னோட கதைச்சுக்கொண்டுதான் நடந்தவள். வீடியோவில. இஞ்ச விடியப்புறம், நான் தேத்தண்ணி போட எழும்பின நேரம். 'அம்மா வாங்கோ, பாலத்தில நடப்பம்' எண்டவள். போனை ஆத்துப் பக்கம் திருப்பிக் காட்டினாள். இறுக்கிப் பிடியடி, விழுத்திப்போடாதை எண்டு கத்தினனான். குசினிக்குள்ள நிண்டுகொண்டு எனக்குக் கால் கூசினது. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அப்ப அண்டைக்கு ஏன் நானும் போனது எண்டு..."

"லீலா கேட்ட விதம் எனக்குப் பிடிக்கேல்ல. என்ர பிள்ளை தனியத் திரிஞ்சவள் எண்டு ஊரெல்லாம் கதைப்பா. அதுக்குத்தான் சொன்னனான். நீங்கள் ஓம் எண்டிட்டு இருந்திருக்கலாம்."

"ஓம்."

"ஈரமாம். வழுக்கினவளாம். அண்டைக்கு எறிச்ச வெயில் எனக்கெல்லோ தெரியும்."

எதிரே இருந்த பிள்ளை எங்களையே பார்த்தது.

"அதுகூடப் பரவாயில்லை. அங்கால இறங்கினதெண்டியளே. அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கு. அங்கால விடமாட்டினம், தம்பி. கடைசி மட்டும் போனவள். பிறகு திரும்பி வந்தவள். நான் பாத்தனான். முழுக்கப் பாத்தனான். என்ர பிள்ளை திரும்பி வந்தவள்."

சத்தம் உயரவில்லை. அறிவித்தல் மாதிரிச் சொன்னார்.

சவுத்ஃபீல்ட்ஸில் கேட்டேன், அந்தக் கடைசியில் நின்று கௌ. ஏதாவது சொன்னாளா என்று.

"சொன்னவள். அந்த நேரம் பார்த்து மேலால ஒரு ப்ளேன். உங்களுக்குத் தெரியும்தானே எங்கட வீட்டில, ஹீத்ரோவுக்குக் கிட்ட, கதைக்கவே ஏலாது. என்னடி எண்டு திருப்பிக் கேட்டனான். 'ஒண்டுமில்லையம்மா' எண்டிட்டுத் திரும்பினவள்."

ஹோட்டலில் அவள் நிறையக் கதைத்தாள். அதைத்தான் எனக்குச் சொல்லியிருப்பாள். ஒரு பக்கம் மட்டும் கழற்றியிருந்தேன்.

மண்டபம் பரவாயில்லை. கார் நிறுத்த இடம் காணாது. திரும்பி வரும்போது மாமி: "அந்தக் கண்ணியை மாத்தச் சொல்லி நான் கேக்கமாட்டன். அது உங்கட புலம்பல். நீங்கள் பாருங்கோ."

ஆறு திரும்பவும் வந்தது. மாமி இந்த முறை கம்பியைப் பிடித்தார்.


மார்ச் 9, திங்கள்

மழை விட்டுவிட்டு. மதியம் வானுக்குள் இருந்து நடேசு அண்ணைக்கு எடுத்தேன். பிரேமை வெளியே போகச் சொன்னேன். "காதலியா பாஸ்?" என்று கேட்டுவிட்டு, உடனே முகம் செத்துப்போனான். "சாரி. சாரிடா." குடையில்லாமல் இறங்கிப் போனான். பாவம்.

"அண்ணை, அந்தப் பாலக் கண்ணி வேண்டாம்."

"ஏன், ஓசை இடிக்குதோ?"

"இல்லை. நான் போகேல்ல."

"எங்க?"

"அந்தப் பாலத்துக்கு. லீலா அன்ரிக்கு நான் சொன்னது பொய்."

மறுபக்கம் எதையோ உறிஞ்சுகிற சத்தம், தேத்தண்ணியாக இருக்கும்.

"தம்பி, புலம்பலில ஆர் உண்மை பாக்கிறது? ஒருத்தர், பெண்சாதியோட வருசக்கணக்காக் கதைபேச்சு இல்லை. சமையல் வேற, அறை வேற. அவருக்கு நான் கிளியே மயிலே எண்டு எழுதிக் குடுத்தனான். வாசிச்சுப் போட்டுக் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதவர். அது பொய்யோ?"

"மாமியின்ர புலம்பலில போடுங்கோ. அவதான் போனவ," என்றேன்.

"அக்கா எப்ப ஜப்பான் போனவ?"

"போனில." எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், கதிரை, ப்ளேன், திரும்பி வந்தது. அண்ணை இடையில் பேசவில்லை. பிறகு பேப்பர் புரளும் சத்தம்.

"நில்லும், நில்லும். வருது... 'செம்பாலம் போய்நின்று சிரித்துத் திரும்பியநீ, எம்பாலே வாராமல் எங்கேதான் நின்றனையோ.' எம்பால் எண்டால் எங்களிட்ட. விளங்குதோ?"

"விளங்குது."

விளங்கியது. வானின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்தேன், திரும்பப் படிந்தது.

"ஆனால் உங்கட புலம்பலில ஒரு கண்ணி குறையுது. அந்த இடத்துக்கு என்ன போடட்டும்? வேற எங்கையெண்டாலும் ரெண்டு பேரும் சேர்ந்து போயிருப்பியள்தானே."

யோசித்தேன். மரக்கறிக் கடை. பல் வைத்தியர். அவளுடைய காருக்கு டயர் மாற்ற. ஜப்பானில் விமான நிலையம், ஹோட்டல், ஹோட்டலுக்குக் கீழே நூடில்ஸ் கடை. மற்ற இடங்களுக்கெல்லாம் போட்டு வாவன்.

"விடுங்கோ அண்ணை. குறையட்டும்."

"பாக்க வடிவா இராது. சனம் கேக்கும்."

"கேக்கட்டும்."

பின்னேரம் மாமியிடம் சொன்னேன். "ம்" என்றார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "தேத்தண்ணிக்குச் சீனி போடுறதில்லை எண்டு ஏன் சொல்லேல்ல? கௌசியின்ர அண்ணன் இப்பதான் சொன்னவன்." கோபமாகத்தான் கேட்டார்.


மார்ச் 15, ஞாயிறு

காலையில் பனி, பிறகு வெயில். ஐயர் பிந்தி வந்தார். கிரியை முடிந்தது. என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. சொன்ன இடத்தில் தண்ணீர் விட்டேன்.

மண்டபத்தில் கல்வெட்டு. அட்டையில் கௌ., நீலச் சேலை. உள்ளே தாய் புலம்பல் ஒரு பக்கம் நிறைய. எதிர்ப் பக்கத்தில் என்னுடையது, கீழே வெள்ளையாக ஒரு இடம். அண்ணை அதில் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்படியும் நிறையவில்லை.

சாப்பாட்டு மேசையில் லீலா அன்ரி எனக்கு முன்னால். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டு.

"உங்கட புலம்பல் கட்டையாக் கிடக்கு தம்பி. அந்தப் பாலக் கதையைக் காணேல்ல? நான் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சொல்லி வைச்சனான்."

"நான் போகேல்ல அன்ரி. அண்டைக்குச் சொன்னது பொய்."

யாரோ கரண்டியை மெல்ல வைத்தார்கள். சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய், பருப்பு, ஒரு பாதி வடை.

"அப்ப பிள்ளை தனியவோ போனது?"

வாயைத் திறந்தேன். ஓம் என்று சொல்லத்தான்.

"ஆர் சொன்னது தனிய எண்டு?" மாமி, எனக்குப் பின்னால், பாயாசச் சட்டியோடு. "நான் போனனான்."

"நீங்களோ? எப்பிடியக்கா?"

"கதிரையைப் பிடிச்சுக்கொண்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் விளங்கவில்லை. மாமி அன்ரியின் கப்பில் பாயாசம் ஊற்றினார். பக்கத்தில் இருந்தவருக்கு ஊற்றினார். எனக்கு ஊற்றாமல் அடுத்த மேசைக்குப் போனார், கடைசி ஆள் வரை.

பிறகு திரும்பி வந்தார்.